நான் எழுதிய பட்டியல்

2013 மார்ச்சில் நான் ஒரு பட்டியல் எழுதினேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் தோப்பிலும் சிதறிக் கிடந்த இருளர் குடும்பங்களை ஒரே இடத்தில் குடியமர்த்துவதற்கான பட்டியல். அதில் பதினோரு குடும்பங்களுக்கு நேரே ‘நிரந்தரமாக வசிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அப்போது நான் கிராம நிர்வாக அலுவலர். எந்தக் கிராமம் என்று சொல்லப்போவதில்லை. அந்தக் குடும்பங்களில் சிலர் இன்னும் அதே வட்டாரத்தில்தான் கூலிக்குப் போகிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர்கள் யார் என்று தெரிந்துவிடும். மற்ற எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

திட்டத்தின் மேல் பழி போட நான் வரவில்லை. அந்தத் திட்டம் நல்லது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இருளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓர் ஏரிக்கரையில் நான்கு குடிசை. அடுத்த ஏரியின் கலங்கல் ஓரம் மூன்று. மாந்தோப்புக் காவலுக்கு ஒரு குடும்பம். பம்புசெட் கொட்டகையை ஒட்டி இன்னொன்று. இரண்டு குடிசைக்காக மின்கம்பம் வராது. குடிநீர்க் குழாய் வராது. நிலம் புறம்போக்கு என்பதால் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் அரசு வீடு கிடையாது. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவருக்குக் கீழே இருந்து அறிக்கை போக வேண்டும். அந்த அறிக்கை என் போன்றவர்களின் மேசையில் மாதக்கணக்கில் கிடக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறத்தாழ 1.89 லட்சம் பேர். காட்டை ஒட்டி வாழ்ந்தவர்கள். பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் போயிற்று. 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து மருந்துக்குக் கொடுக்கிறார்கள். அதில் வாழ்வு பெற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வயலில் எலி பிடித்தார்கள், ஏரியில் மீன் பிடித்தார்கள், விறகு வெட்டினார்கள், அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். வேலை எங்கே இருந்ததோ அங்கே குடிசை போட்டார்கள். சிதறியது இப்படித்தான்.

2011-இல் பசுமை வீடு திட்டம் வந்தது. 300 சதுர அடி கான்கிரீட் வீடு, சூரிய ஒளி மின்விளக்கு. எங்கள் பகுதி இருளர்களுக்கு ஒரே இடத்தில் புறம்போக்கு நிலம் ஒதுக்கி, பட்டா கொடுத்து, வரிசையாக வீடு கட்டித் தெருப்போடுவது என்று முடிவானது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறந்தபோது பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து வைத்திருந்தவன் நான். 100 வீடுகள், நேரான தெருக்கள். அப்படி ஓர் ஊர் என் கையெழுத்தில் எழும்பப்போகிறது என்ற நினைப்பு எனக்குப் போதையாக இருந்தது. அந்த ஊரில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதைவிட அந்த ஊரை நான் உண்டாக்குகிறேன் என்பதுதான் எனக்கு முக்கியமாகிவிட்டது. இது என் கர்வம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அதற்குள் பயனாளிகள் பட்டியல் போக வேண்டும். பிப்ரவரி கடைசியில் எங்களுக்குச் சொன்னார்கள். அது மாசி மாதம்.

மாசியில் இருளர்களில் பலர் ஊரில் இருக்கமாட்டார்கள். பொங்கல் முடிந்ததும் சூளை முதலாளியின் ஆள் வந்து முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் பக்கத்தில் சூளையைச் சேம்பர் என்பார்கள். புருஷன் மண் பிசைவான், பெண்சாதி கல் அறுப்பாள், பிள்ளைகள் காயும் கல்லைத் திருப்பிப் போடும். ஆனி முடிந்து மழை எட்டிப் பார்த்தால் சூளை நிற்கும். ஆடியில் திரும்புவார்கள். மாசி மகத்துக்கு விடுப்புக் கிடைத்தவர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் கன்னியம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுபடி சூளைக்கே போவார்கள். வருடா வருடம் நடப்பது இது. அந்தக் கிராமத்தில் நான்கு வருடம் வேலை பார்த்த எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அரசாங்கத்தின் மாதத்தில் நான் அவர்களை எண்ணப் போனேன். அவர்களுடைய மாதத்தில் போகவில்லை.

ஏரிக்கரைக்கு நானும் தலையாரியும் காலையில் போனோம். நான்கு குடிசையில் மூன்றின் வாசலை ஓலைத் தட்டியால் அடைத்துக் கட்டியிருந்தார்கள். தட்டிக்கு மேல் முள் வைத்திருந்தது. நான் தட்டியைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தேன். பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எலி பிடிக்கும் கிட்டிகள் கூரையில் செருகியிருந்தன. மூலையில் மூட்டையாகக் கட்டிய வலை. திரும்பி வரப்போகிறவர்கள் விட்டுப்போன வீடு அது. குழந்தைக்குக்கூடப் புரியும்.

நான்காவது குடிசையில் ஒரு கிழவி இருந்தாள். தட்டிகள் அவளுடைய பெரிய மகனும் சொந்தக்காரர்களும் கட்டியவை. நான் கேட்கவே இல்லை. அவளாகவே சொன்னாள்: “சேம்பருக்குப் போயிருக்காங்க சாமி. ஆடிக்கு வந்துருவாங்க.”

கேட்டுக்கொண்டேன். தலையாரியும் கேட்டான். அவன் என்னைவிட வயதில் மூத்தவன், ஆனாலும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவான். “நிலுவைன்னு போட்டு வெச்சுக்கலாம் சார். ஆடியில ஒரு தபா பாத்து எழுதிக்கலாம்” என்றான். படிவத்தில் அதற்குக் கட்டம் இருந்தது. விசாரணை நிலுவை என்று எழுதியிருந்தால் அந்தப் பெயர்கள் உயிரோடு இருந்திருக்கும். அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. அவன் சொல்லி நான் எழுதுவதா என்றும் தோன்றியது. “உன் வேலையைப் பாரு” என்றேன்.

நிலுவை இல்லாத பட்டியல் கொடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. மற்ற கிராமங்களில் ஐந்து நிலுவை, பத்து நிலுவை என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் கிராமத்தில் பூஜ்யம் என்று வர வேண்டும். வந்தது. நாற்பது குடும்பத்தில் இருபத்தொன்பது தகுதி, பதினொன்று ‘நிரந்தரமாக வசிக்கவில்லை’, நிலுவை இல்லை. கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். அன்று மாலை வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

கர்வமும் அலட்சியமும் என்று இதுவரை சொன்னேன். இதோடு நிறுத்தினால் என் குற்றத்தில் பாதியைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தச் சூளை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். பைக்கில் ஒரு மணி நேர வழி. அங்கே போய்ப் பெயர் எழுதிக் கைரேகை வாங்கியிருக்கலாம். ஏன் போகவில்லை? போனால் அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று எழுத வேண்டியிருக்கும். எவ்வளவு முன்பணம், எத்தனை வருடமாக, நடுவில் ஊருக்குப் போக விடுகிறார்களா, பிள்ளைகள் ஏன் கல் திருப்புகிறார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் அது 1976 கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். மேலே சொல்ல வேண்டும். கோட்டாட்சியர் விசாரணை வரும். சூளை முதலாளி செல்வாக்கு உள்ளவர். பெரிய இடங்களில் அவருக்குப் பழக்கம் உண்டு. என் மகளுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தூரத்து ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதினால் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்றும் எழுத வேண்டும். அதனால்தான் அவர்கள் எங்கேயும் இல்லை என்று எழுதினேன்.

முன்பணம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன். என் அப்பா பட்டு நெசவாளி. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. அக்காள் கல்யாணத்துக்கு அப்பா முதலாளியிடம் வாங்கிய பணம் எங்களை அந்தத் தறியோடு கட்டிப்போட்டது. வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது. கூலியைக் கூட்டிக் கேட்க முடியாது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடா எறிய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். பள்ளிக்கூடம் போகாமல் அந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும், தறி நிற்கும், கடன் நிற்காது. கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவுக்குத் தறி கிடைத்துக் கடன் அடைந்த பிறகுதான் நான் மறுபடி பள்ளிக்குப் போனேன்.

ஆனால் எங்களுக்கு வீடு இருந்தது. கடன் எங்களை வீட்டுக்குள்ளேயேதான் கட்டியது. ராத்திரி எங்கள் கதவை நாங்களே சாத்தினோம். நாங்கள் வைகாசி கருட சேவை முடிந்து வீட்டைப் பூட்டிவிட்டு அத்தை ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும், நாங்கள் அங்கே வசிக்கவில்லை என்று யாரும் எழுதவில்லை. இருளர்களின் முன்பணம் குடும்பத்தையே வீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஆடியில் திரும்பி வர ஒரு குடிசை இருக்கும்வரை அந்த அடிமைத்தனத்துக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. என் பட்டியல் அந்த முடிவு நாளை எடுத்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள அந்த அலுவலகத்திலேயே தகுதியான ஒரே ஆள் நான்தான். அந்த நானே அதைச் செய்தேன்.

ஆடியில் அவர்கள் வந்தார்கள். வீடு கட்டக் கடைக்கால் தோண்டியிருப்பதைப் பார்த்துவிட்டு என் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். நான்கைந்து ஆண்கள், இரண்டு பெண்கள். படி ஏறவில்லை. திருத்த முடியாத காலம் இல்லை அது. ஓர் அறிக்கை எழுதியிருந்தால் போதும். எழுதினால் மார்ச்சில் எழுதியது தவறு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். “அடுத்த லிஸ்ட்டுல பாத்துக்கலாம்” என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த பட்டியல் என்று எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுவருடம் தை பிறந்ததும் மறுபடி சூளைக்குப் போனார்கள். இருபத்தொன்பது குடும்பங்கள் கோடையில் புது வீட்டுக்குக் குடிபோயின. அதற்குப் பிறகு ஏரிக்கரை ஆக்கிரமிப்பை அகற்ற வந்தார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் வந்த சட்டம் இருக்கிறது. அதன்படி குடியிருப்பவர் இருந்தால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதில் கேட்க வேண்டும். யாராவது குடியிருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார்கள். பழைய பட்டியலைக் காட்டினேன். எல்லோருக்கும் மாற்று இடம் கொடுத்தாயிற்று, மீதியில் யாரும் இல்லை என்று இரண்டாவது முறையும் கையெழுத்துப் போட்டேன். பொக்லைன் ஒரு முற்பகலில் வேலையை முடித்துவிட்டது. கவிழ்த்து வைத்த பானைகளையும் கிட்டிகளையும் யாரும் எடுத்து வைக்கவில்லை. நான் அங்கேதான் நின்றேன்.

2014 ஆடியில் திரும்பியவர்கள் வெறும் கரையைப் பார்த்தார்கள். இரண்டு இரவு ஏரி மதகின் மேடையில் படுத்தார்கள் என்று தலையாரி சொன்னான். புதுக் குடியிருப்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம் என்றால், 300 சதுர அடியில் எத்தனை பேர் படுப்பது? மூன்றாம் நாள் சூளை முதலாளியின் ஆள் வந்தார். மழைக்காலத்துக்கு அரிசி ஆலையில் வேலை, தங்க இடம், கையில் புது முன்பணம். ஏறிப் போனார்கள். அன்று முதல் அவர்களுக்கு ஆடி மாதம் என்று ஒன்று இல்லை. பொங்கலுக்குப் பின் சூளை, மழைக்கு ஆலை. கடன் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறும், தீராது.

கிழவியின் பேத்தி அந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். சூளைக்குப் போகும் மாதங்களில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த முறை மகன் அவளையும் கூட்டிப்போய்விட்டான். திரும்பி வராத இடத்துக்குப் போகும்போது பெண் பிள்ளையை யார் விட்டுப்போவார்கள்? தலைமையாசிரியை என்னைத் தெருவில் பார்த்துக் கேட்டார்: “அந்தப் பொண்ணு வருமா சார்? பேரை எடுக்கவா, வைக்கவா?” எனக்குத் தெரியாது என்றேன். அவர் பேரை எடுத்தார்.

கிழவிக்குப் புது வீடு கிடைத்தது, சின்ன மகனோடு. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து, “பெரியவனுக்கு எப்ப சாமி?” என்று கேட்பாள். கோபமாகக் கேட்டதில்லை. அதனால் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

2016-இல் ஓய்வு பெற்றேன். கையில் நேரம் வந்தபோது மற்ற நாடுகளில் சிதறிய மக்களை எப்படிச் சேர்த்தார்கள் என்று படித்தேன். என் குற்றத்துக்கு ஏதாவது ஒரு கூட்டாளி கிடைப்பானா என்று தேடினேன் என்பதுதான் உண்மை. தான்சானியாவில் அதிபர் நைரேரே 1967-இல் கூட்டுக் கிராமங்களைப் பற்றிப் பேசியபோது மக்கள் தாமாக வர வேண்டும் என்றார். 1973-இல் அது கட்டளையானது. 1976-க்குள் கிராமத்து மக்கள் எல்லோரும் திட்டமிட்ட ஊர்களில் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊர்களின் கணக்கில் வந்தார்கள். பள்ளிக்கூடமும் தண்ணீரும் மருத்துவமும் பக்கத்தில் வரும் என்பதுதான் அங்கேயும் காரணம். பல இடங்களில் வரவும் செய்தன. ஆனால் கெடுவுக்குள் கணக்குக் காட்டப் போட்டிபோட்ட அதிகாரிகள், வயலிலிருந்து வெகு தொலைவில், சாலை ஓரத்தில் மக்களை இறக்கிவிட்டார்கள். பழைய வீடுகளைச் சில இடங்களில் இடித்துக் கொளுத்தினார்கள். நான் தேடிய கூட்டாளி அங்கே இருந்தான். அவனைப் பார்த்து எனக்கு ஆறுதல் வரவில்லை. அவனுக்குத் தலைக்குமேல் ஒரு நாட்டின் கட்டளை இருந்தது. என்னிடம் யாரும் பதினோரு பேரை விட்டுவிடு என்று சொல்லவில்லை. நிலுவைக் கட்டம் வெற்றாகவே என் முன்னால் இருந்தது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம் அத்திவரதரால் நிறைந்திருந்தது. நாற்பது வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வரும் பெருமாளை 48 நாளில் ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். எங்கள் தெருவில் நடக்க இடமில்லை. அதே ஜூலை 10-ஆம் தேதி, காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை மீட்டார்கள். இருளர்கள். அவர்களில் ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அவர் என் பட்டியலில் இருந்தவர் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அதிகாரி நிற்கும் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். 2013 ஆடியில், என் அலுவலக வாசலில். அந்த அதிகாரி மீட்கப் போனவர். நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியவன்.

அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். ஆறு வருடம் கழித்து. இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

கிழவி செத்துப்போயிருந்தாள். பெரிய மகன் கொள்ளி வைக்க வந்துவிட்டு அன்றைக்கே ஆலைக்குத் திரும்பினான் என்றார்கள். அவனை ஓர் அரிசி ஆலையின் நெல் களத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் செய்ததை அவனிடம் சொன்னேன். எழுதியது, எதற்காக எழுதியது, இரண்டாவது கையெழுத்து, எல்லாம். அவன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டான்: “எங்க அம்மா உங்களாண்ட சொல்லுச்சா சார், நாங்க சேம்பருக்குப் போயிருக்கோம்னு?”

“சொன்னாங்க.”

“சொல்லிட்டேன்னுதான் சாகற வரைக்கும் சொல்லிக்கினு இருந்துச்சு. நாங்க யாரும் நம்பல. நீ சொல்லியிருக்க மாட்டே, அதான் பேரு வரலன்னு திட்டுவோம்.”

இந்தச் செலவு என் கணக்கில் இல்லாமலே இருந்தது. வீடும் படிப்பும் சுதந்திரமும் போனது எனக்குத் தெரியும். சரியாகச் சொன்ன ஒரு தாயை அவள் பிள்ளைகளே பொய்க்காரி என்று நினைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் மகளுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம் முடித்திருந்தான். ஆலையில் வைத்துக்கொள்ளப் பயமாக இருந்ததாம். மன்னிப்புக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. களத்துக்காரர் கூப்பிட்டார், நெல்லைக் கிளறப் போய்விட்டான்.

அவனுக்கும் இன்னும் ஆறு குடும்பங்களுக்கும் பிறகு வேறோர் இடத்தில் பட்டாவும் வீடும் கிடைத்தன. அது என்னால் நடந்தது இல்லை. புதிதாக வந்த ஒரு பெண் அலுவலர், அந்தக் குடும்பங்கள் சூளையில் இருக்கும் மாதத்தில் சூளைக்கே போய், அங்கேயே உட்கார்ந்து பெயர் எழுதினார். நான் முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்ட வேலை அது. ஒரு நாளில் முடிந்துவிட்டது.

மீதி நான்கு குடும்பங்களில் இரண்டு திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சூளையில் இருப்பதாகக் கேள்வி. மற்ற இரண்டைப் பற்றித் தகவல் இல்லை. நான்கின் பெயர்களையும் எழுதிக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். அதோடு, 2013 பட்டியலில் பதினோரு பெயருக்கு நேரே நான் எழுதியது பொய், 2014-இல் ஏரிக்கரையில் யாரும் இல்லை என்று நான் சொன்னதும் பொய் என்று தனித் தாளில் எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். தலையாரி நிலுவை என்று எழுதச் சொன்னதையும், கிழவி கேட்காமலே உண்மையைச் சொன்னதையும் அதில் சேர்த்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் போவேன்.